அண்ணன் இறங்காத ஏழு நாட்கள்

மைக்கில் பாட்டு நின்றுவிட்டது. மைதானத்தின் நடுவில் நட்டிருந்த சவுக்குக் கம்பத்தைச் சுற்றி என் அண்ணன் ஏழுமலை சைக்கிளைப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டிருந்தான். முகம் ஒரு பக்கம் பார்க்கிறது, சைக்கிள் முதுகுப் பக்கமாகப் போகிறது. கயிற்றுக்கு வெளியே நின்ற ஜனம் கடலை மெல்வதைக்கூட நிறுத்திவிட்டது.

மூன்றாவது சுற்றில் 'கடக்' என்று ஒரு சத்தம். பெடல் இரண்டும் கால் சுற்று காலியாகச் சுழன்றன. சைக்கிள் சாய்ந்தது. அண்ணனுடைய வலது கால் பெடலை விட்டு இறங்கி, தரைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்று, மறுபடி மேலே ஏறியது.

எப்படிச் சமாளித்தான் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அது மூன்றாம் நாள் சாயங்காலம். ஏழு நாள் தரையில் கால் வைக்காமல் சைக்கிளிலேயே இருப்பேன் என்று சொல்லி ஏறியவன் அவன். கால் பட்டிருந்தால் அத்தோடு எல்லாம் முடிந்திருக்கும்.

நான் ஃபேக்டரி யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் கயிற்றோரம் நின்றிருந்தேன். அந்தக் கால் இறங்கியபோது, பட்டுவிடக் கூடாதே என்று பாதி மனசு பதறியது. பட்டுத் தொலையட்டும், வீட்டுக்காவது வருவான் என்று மீதி மனசு நினைத்தது. இத்தனை வருஷம் கழித்துப் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஏன் இதுவரை எழுதவில்லை

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பெயர் தாமோதரன், வீட்டில் தாமு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஃபேக்டரியின் மெஷின் ஷாப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இதுவரை லேத்து, கேன்டீன், ஸ்ட்ரைக் என்றே எழுதிப் பக்கத்தை நிரப்பிவிட்டேன். போன வாரம் என் மனைவி, "ஊர்ல கீற மெஷின் எல்லாத்தப் பத்தியும் எழுதிட்டீங்க. உங்க அண்ணனப் பத்தி எப்ப எழுதப்போறீங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு ஒரு வாரமாகப் பதில் சொல்லாமல் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது தொண்ணூற்றொன்றில். அந்த வருஷக் கோடையில் எங்கள் பக்கத்துப் பெயர் உலகம் முழுக்கத் தெரிந்துபோனது. அதைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். கொஞ்ச மாதம் ஊரில் நாலு பேர் சேர்ந்து நின்றாலே போலீஸ் விசாரித்தது, மைக் கட்ட அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. எல்லாம் கொஞ்சம் அடங்கிய ஆவணி மாதத்தில்தான் அந்த சைக்கிள் கோஷ்டி வந்தது.

இன்றைக்கு ஒரகடத்தில் ஆறு வழிச் சாலையில் கார் ஏற்றிய லாரிகளைப் பார்க்கிறவர்களுக்கு அன்றைய ஒரகடத்தைச் சொன்னால் நம்பமாட்டார்கள். வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் வேர்க்கடலைக் கொல்லை. பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு ஒரு தூக்கம் போடலாம். கோஷ்டி இறங்கியது எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில், ஏரி தாண்டி இருந்த மைதானத்தில். குறுக்கே நடந்தால் அரை மணி.

சைக்கிள் சுற்றுகிறவர்கள்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியாது. ஒரு ஆள், ஒரு சைக்கிள், ஒரு மைக் செட், நாலைந்து துணை ஆட்கள். திங்கட்கிழமை காலையில் மாலை போட்டு சைக்கிளில் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் இறங்குவார். சாப்பாடு, குளியல், சவரம் எல்லாம் சைக்கிளில்தான். தூக்கம்கூட கம்பத்தில் சாய்ந்து, ஹேண்டில்பாரில் தலை வைத்து. மற்ற விஷயத்துக்கு மூலையில் படுதா மறைப்பு ஒன்று உண்டு. அதற்குள் எப்படி என்று எல்லோருக்கும் சந்தேகம் இருந்தது, யாரும் கேட்கவில்லை.

விதி ஒன்றுதான். கால் தரையில் படக் கூடாது. கம்பத்தைக் கையால் பிடிக்கலாம். ஒரு சைக்கிளிலிருந்து இன்னொரு சைக்கிளுக்குத் தாவலாம். மண்ணில் பாதம் பட்டால் சுற்று முறிந்தது. அந்த ஊரில் மூட்டையைக் கட்டவேண்டியதுதான், அடுத்த நாலு ஊரிலும் கூப்பிடமாட்டார்கள்.

சாதாரண சைக்கிளில் நாம் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் ஓடும், 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது ஃப்ரீவீலின் சத்தம். பின்னால் மிதித்தால் பெடல் சும்மா சுற்றும். அண்ணனுடைய சைக்கிளில் அந்தச் சத்தம் கிடையாது. அந்த ஃப்ரீவீலை வெல்டிங் வைத்து அசையாமல் பூட்டியிருந்தார்கள். சக்கரம் ஓடினால் பெடலும் ஓடும். முன்னால் மிதித்தால் முன்னால் போகும், பின்னால் மிதித்தால் பின்னால் போகும். இரண்டையும் மாற்றி மாற்றி மிதித்தால் நின்ற இடத்தில் நிற்கும்.

மூன்றே நாள் பார்த்த வேலை

அவன் ஏன் வீட்டை விட்டுப் போனான் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

கோஷ்டி வந்ததற்கு ஆறு வருஷம் முன்னால் எங்கள் நைனா யார் யாரையோ பிடித்து ஃபேக்டரியில் அண்ணனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். மண்ணைக் கிளறி வளர்ந்த குடும்பத்தில் முதல் சம்பளக்காரன். அண்ணன் மூன்று நாள் போனான். மூன்றாம் நாள் டீ நேரத்தில் யூனிஃபார்மோடு கேட்டைத் தாண்டி நடந்தவன் திரும்பவில்லை. படப்பையில் அப்போது ஒரு சைக்கிள் கோஷ்டி சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே போய் உட்கார்ந்துவிட்டான்.

நைனா போய் இழுத்து வந்தார். "அந்த கேட்டுக்குள்ள எனக்கு மூச்சு முட்டுது நைனா" என்றான் அண்ணன். நைனாவுக்கு முகம் செத்துப்போயிற்று. "வேல வாங்கிக் குடுத்த மனுஷன் மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்? போ. இனிமே இந்த வூட்டு வாசப்படிய மிதிக்காத" என்றார். கோபத்தில் எல்லா அப்பாக்களும் சொல்வதுதான். எங்கள் அண்ணன் மட்டும் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். பிடிவாதத்தில் இரண்டு பேரும் ஒரே வார்ப்பு.

இரண்டு வருஷம் கழித்து ஐ.டி.ஐ. முடித்த என்னை அதே ஃபேக்டரியில், அவன் விட்டுப்போன மெஷின் ஷாப்பிலேயே எடுத்தார்கள். அதற்கு அடுத்த வருஷம் நைனா செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் காலமானார். அண்ணன் எந்த ஊரில் சுற்றுகிறான் என்று தெரியாததால் கொள்ளி நான்தான் வைத்தேன்.

இப்போது திடீரென்று ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, 'சாகச வீரர் ஏழுமலை' என்று கூவிக்கொண்டு போனார்கள். அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து நின்றது. ஆனால் மைதானத்துக்கு வரவில்லை. "வெரதத்துல கீறவன நடுவுல போய்ப் பாத்தா அவன் மனசு கெடும். இறங்கட்டும். இறங்கின புள்ளைய வூட்டுக்கு இட்டுக்கினு வரேன்" என்றது.

நான் முதல் நாளே ஷிஃப்ட் முடிந்து போனேன். கயிற்றுக்கு வெளியே நின்றேன். ஒவ்வொரு சுற்றிலும் அண்ணன் என்னைப் பார்த்தான், பார்த்துவிட்டுக் கம்பத்தைப் பார்த்தான். இரண்டு நாளும் பேச்சு இல்லை. ஆறு வருஷம் பேசாத ஆளிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது?

சக்கரம் நழுவியதுதான் எனக்கு வழி திறந்தது.

செயின், பின், சாக்பீஸ்

கோஷ்டியின் தலைவர் பெயர் வேலு மாஸ்டர். மைக்கைப் பிடித்தால் தேன், வைத்தால் மிளகாய். "செயின்தான் லூஸு" என்று, நழுவ ஆரம்பித்த முதல் நாளே தீர்ப்பு எழுதியிருந்தார். உள்ளூர் சைக்கிள் கடைக்காரர் புது செயின் போட்டார். நழுவியது. அடுத்து, பெடல் தண்டை அச்சோடு பிடிக்கிற காட்டர் பின்னை மாற்றினார். அப்போதும் நழுவியது. ஊரில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். கண் பட்டுவிட்டது என்று ஒருவர் ஹேண்டிலில் எலுமிச்சம்பழம்கூடக் கட்டிவிட்டுப் போனார்.

எனக்கு ஒரு குணம் உண்டு. மெஷின் ஒன்று தப்பாகச் சத்தம் போட்டால் கை சும்மா இருக்காது. கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"யாருப்பா நீ? உள்ள வராத" என்றார் மாஸ்டர்.

"அது என் தம்பி மாஸ்டர்" என்றான் அண்ணன், சுற்றிக்கொண்டே.

ஆறு வருஷத்தில் அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வார்த்தை அது. செருப்பைக் கழற்றிவிட்டு அவன் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தேன். அவன் மெதுவாக ஓட்டினால் நான் நடக்க வேண்டும், கொஞ்சம் மிதித்தால் ஓட வேண்டும். காதைப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோழி பிடிக்கிறவன் மாதிரி குனிந்து ஓடினேன். ஜனம் சிரித்தது.

செயின் பல்லைத் தாண்டிக் குதித்தால் 'டக்' என்று வெடுக்கென்று கேட்கும். காட்டர் பின் தேய்ந்திருந்தால் மிதிக்கிற ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இடிக்கும். இது இரண்டும் இல்லை. பின்னால் அழுத்தும்போது கால் சுற்று வழுக்கிக்கொண்டு போகிறது. மறுபடி முன்னால் மிதித்தால் அதே கால் சுற்று காலியாகப் போய், அப்புறம் பிடிக்கிறது.

"ணா, கம்பத்தப் புடிச்சிக்கினு நில்லு" என்றேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சாக்பீஸ் வாங்கி வந்து இரண்டு கோடு போட்டேன். ஒன்று, பெடல் தண்டும் அச்சும் சேர்கிற இடத்தில். இன்னொன்று, பின்னால் ஃப்ரீவீலின் பல்சக்கரத்திலிருந்து, அது உட்கார்ந்திருக்கிற ஹப் என்கிற நடுக்குடம் வரைக்கும் நேராக.

"இப்ப பத்து மிதி பின்னால மிதி."

மிதித்தான். கடக். மறுபடி கம்பத்தைப் பிடித்து நின்றான். பெடல் பக்கத்துக் கோடு போட்டபடியே இருந்தது. பின்னால் இருந்த கோடு இரண்டாக உடைந்து, ஒன்றுக்கொன்று இரண்டு விரல் தள்ளி நின்றது. ஃப்ரீவீலை என்னதான் வெல்டிங் வைத்துப் பூட்டினாலும், அது ஹப்பில் திருகு மரையால்தான் முடுக்கப்பட்டிருக்கிறது. முன்னால் மிதித்தால் அந்த மரை இறுகும். பின்னால் மிதித்தால் கழலும். வருஷக்கணக்கில் இறுகிக் கழன்று இறுகிக் கழன்று மரை மழுங்கிப்போயிருந்தது.

ஓரத்தைச் சுரண்டினால் சிவப்பு பெயிண்டில் தோய்த்த சணல் நூல் வந்தது. மாஸ்டர் இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் தண்ணிக் குழாய் பொருத்துகிறவராம். குழாய் ஒழுகினால் மரையில் சணல் சுற்றுகிற பழக்கத்தில் இதற்கும் சுற்றியிருக்கிறார்.

"பைப்புல நிக்குதே" என்றார், என்னைப் பார்க்காமல்.

"பைப்ப யாரும் மிதிக்கமாட்டாங்க மாஸ்டர்" என்றேன்.

அண்ணன் சிரித்தான்.

அவன் கேட்டது

பல்சக்கரமும் ஹப்பும் சேர்கிற விளிம்பில், பாதி இதிலும் பாதி அதிலுமாக மூன்று துளை போட்டு, எஃகுப் பின்னை அடித்து இறக்கிவிட்டால் கழலவே கழலாது. அதற்கு நல்ல ட்ரில்லிங் மெஷின் வேண்டும். அது ஃபேக்டரியில்தான் இருக்கிறது. நாளைக்குக் காலையில் சக்கரத்தை எடுத்துப்போய் மத்தியானம் கொண்டுவருகிறேன், அதுவரைக்கும் என் சைக்கிளில் சுற்று என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். அவன் தலையாட்டினான்.

"அம்மா எப்டி கீது?" என்றான்.

"நல்லாகீது. நீ இறங்கினாத்தான் பாப்பேன்னு சொல்லிகினு கீது."

"மாஸ்டர்தான் இந்த ஊர்னாரு. நான் வேணான்னு சொல்லல."

ஒரு முழுச் சுற்று கம்பத்தைப் பார்த்தே மிதித்தான்.

"நைனா போய்ட்டாருன்னு வாலாஜாபாத்ல ஒருத்தர் சொன்னாரு. அதுக்குள்ள நாலு மாசம் ஆய்டுச்சு. இனிமே போய் இன்னா பண்றதுன்னு இருந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "கடசீல இன்னா சொன்னாரு தாமு?" என்று கேட்டான்.

ஆஸ்பத்திரியில் நைனாவோடு கடைசி இரண்டு நாள் நான் மட்டும்தான் இருந்தேன். அவர் நினைவோடு பேசிய கடைசிப் பேச்சு, "பெரியவன இட்டுக்கினு வா" என்பது. சரி என்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து மறுபடியும் அதையே சொன்னார். இதை நான் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. எங்கே இருக்கிறான் என்றே தெரியாத பிள்ளையை அப்பா கூப்பிட்டார் என்று சொன்னால், அது சோறு தண்ணி இல்லாமல் தெருத் தெருவாகத் தேடப் புறப்பட்டுவிடும் என்று பயம்.

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் இவன் இந்த நிமிஷமே காலைக் கீழே வைத்துவிடுவான் என்று தோன்றியது. மூன்று நாள் பட்ட பாடு வீணாகிவிடும், ஊர் சிரிக்கும். இதெல்லாம் நியாயமான காரணம்தான். ஆனால் இன்னொன்றும் இருந்தது. அந்த வார்த்தையை எங்கள் வீட்டில், நைனா படத்துக்கு முன்னால், அம்மா பக்கத்தில் இருக்கும்போது சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மூன்று வருஷம் நெஞ்சில் வைத்திருந்ததை, மைக் அலறுகிற மைதானத்தில் ஓடிக்கொண்டே சொல்ல மனசு வரவில்லை.

"நீ இறங்கினப்புறம் சொல்றேன்ணா" என்றேன்.

கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான். முகத்தில் இருந்து ஏதோ ஒன்று இறங்கிப்போனது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். "சரி" என்று சொல்லிவிட்டு மிதித்தான்.

சாக்கில் ஒரு சக்கரம்

மறுநாள் விடியும்போது என் சைக்கிளை அவன் சைக்கிளுக்கு இணையாகத் தள்ளிக்கொண்டு நடந்தேன். பெடலிலிருந்து பெடலுக்கு, படகு மாறுகிறவன் மாதிரி காலை வைத்து மாறினான். என் சைக்கிளின் 'டிக் டிக்' சத்தத்தோடு அவன் சுற்ற, நான் பின்சக்கரத்தைச் சாக்கில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர், "இன்னா, மீதி சைக்கிள் அடுத்த பஸ்ல வருதா?" என்றார்.

டீ நேரத்தில் எல்லோரும் கேன்டீனுக்குப் போனதும் சக்கரத்தை மெஷினில் கட்டினேன். என் சர்வீஸில் எத்தனையோ துளை போட்டிருக்கிறேன். அன்றைக்குப் போட்ட மூன்றைப் போல நிதானமாக எதையும் போட்டதில்லை. மூன்றாவது பின்னை அடித்து விளிம்பைத் தட்டி முடித்து நிமிர்ந்தால் சூப்பர்வைசர் செல்லையா சார் நிற்கிறார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"ஏலே, இது எந்தக் கஸ்டமர் பீஸுலே?"

"எங்க அண்ணனோடது சார்." எல்லாவற்றையும் சொன்னேன். சொந்த வேலைக்கு மெஷினைத் தொட்டால் வேலை போகிற காலம் அது.

அவர் சக்கரத்தைத் திருப்பி, பின் இறங்கியிருந்த இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். "வேலை சுத்தமாத்தான் இருக்கு. ஆனா தப்பு தப்புதாம்லே. நான் ரிப்போர்ட் எழுதல. ஞாயித்துக்கிழமை எட்டுலேருந்து அஞ்சு வரைக்கும் வந்து இந்த லைன்ல இருக்கிற மெஷின் பூராத்தையும் தொடச்சு கிரீஸ் வச்சிட்டுப் போ."

ஞாயிறு நான்கு மணிக்கு அண்ணன் இறங்குகிறான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வேலை தப்பித்ததே பெரிது. மத்தியானம் மைதானத்துக்கு வந்ததும் மாஸ்டரிடம் எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்டேன். திங்கட்கிழமை காலைதான் என்றார். அப்படியானால் ஒரு இரவு இருக்கிறது, போதும் என்று சமாதானம் ஆகிவிட்டேன்.

சக்கரத்தை மாட்டினோம். அண்ணன் மாறி ஏறினான். பின்னோக்கிப் பத்து சுற்று. ஒரு சத்தம் இல்லை. மைதானத்தின் நடுவில் கையை விட்டு, கம்பத்தைப் பிடிக்காமல், நின்ற இடத்தில் நின்றான். சக்கரம் ஒரு விரல் முன்னால், ஒரு விரல் பின்னால் என்று ஆடிக்கொண்டே இருந்தது.

"கல்லாட்டம் புடிக்குதுடா" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததிலிருந்து ராத்திரி வரைக்கும் அவன் கூடவே நடந்தேன். ஆறு வருஷக் கதை பேசினோம். கோஷ்டிச் சாப்பாடு, ஆந்திராவில் மழையில் சுற்றியது, ஃபேக்டரியில் என்னோடு இருக்கிறவர்கள். நைனா கடைசியில் என்ன சொன்னார் என்று மட்டும் அவன் மறுபடி கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை என்று நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும்.

நின்ற சைக்கிள்

சனிக்கிழமை அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. விரதமாவது ஒன்றாவது என்று தூக்குச்சட்டியில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் எடுத்துக்கொண்டு ஏரிக்கரை வழியாக என் முன்னால் நடந்தது. மைதானத்துக்கு வந்ததும் கயிற்றோரம் நின்றுவிட்டது. உள்ளே வா என்றேன். வரவில்லை.

அண்ணன் அடுத்த சுற்றில் பார்த்தான். அதற்கடுத்த சுற்றில் வட்டத்தை விட்டு நேராகக் கயிற்றை நோக்கி வந்தான். அம்மாவுக்கு ஒரு கை தூரத்தில் சைக்கிளை நிறுத்தினான். பிடிக்க ஒன்றும் இல்லை. கால் இரண்டும் பெடலில். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று மிதித்துக்கொண்டே அங்கேயே நின்றான்.

அம்மா தூக்குச்சட்டியைத் திறந்தது. சோற்றைப் பிசைந்து உருட்டி நீட்டியது. அவன் வாயைத் திறந்தான். ஒவ்வொரு உருண்டைக்கும் அம்மாவின் கை சைக்கிளோடு சேர்ந்து முன்னாலும் பின்னாலும் போய் வந்தது. மாஸ்டர் மைக்கை அணைத்துவிட்டார். அந்த மனிதருக்குள்ளும் ஒரு பிள்ளை இருந்திருக்கும்போல.

பழைய சக்கரமாக இருந்திருந்தால் அப்படி ஒரு நிமிஷம் நின்றிருக்க முடியாது. சட்டி காலியாகும் வரைக்கும் நின்றான். நான் அந்த மூன்று பின்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையால் செய்ததில் எனக்குப் பெருமையாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

"நாளைக்கு இறங்கினதும் வூட்டுக்கு வா" என்றது அம்மா.

"பாக்கலாம்மா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை

ஐந்து மணிக்கு ஃபேக்டரி கேட்டைத் தாண்டினேன். கையில் கிரீஸ் வாசனை போகவில்லை. அன்றைக்கு மிதித்த வேகத்தில் என் சைக்கிளை அதற்கு முன்னும் மிதித்ததில்லை, பின்னும் மிதித்ததில்லை. வழி நெடுக, நைனா சொன்னதை எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மைதானத்தில் கம்பம் இல்லை. கயிறு இல்லை. ஏழு நாள் சக்கரம் ஓடிய வட்டம் மட்டும் மண்ணில் மொழுமொழுவென்று தெரிந்தது. அதன் ஓரத்தில் அம்மா உட்கார்ந்திருந்தது.

நான்கு மணிக்கு இறங்கினானாம். கால் நிற்கவில்லை, இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்களாம். அப்படியே அம்மா காலில் விழுந்தானாம். அம்மா கையைப் பிடித்து இழுத்திருக்கிறது. அவன் வரவில்லை.

"வாசப்படிய மிதிக்காதன்னு நைனா சொன்னத மறந்துட்டியான்னான்டா. அந்தாளே போய்ட்டாரு, இன்னும் இன்னாடா அந்தப் பேச்சுன்னேன். அதுக்கு இன்னா சொன்னான் தெரியுமா? கடசீல இன்னா சொன்னாருன்னு தாமுவக் கேட்டேன், இறங்கினப்புறம் சொல்றேன்னான். நல்ல சேதியா இருந்தா தள்ளிப்போடுவானாம்மா, அப்பவே சொல்லியிருப்பான்ல? அவன் வாயால அதச் சொல்ல வைக்க வேணாம்னான்."

எங்கள் பக்கத்தில் சோறு தின்கிறவனிடம், பயணம் போகிறவனிடம், விரதத்தில் இருக்கிறவனிடம் கெட்ட சேதியைச் சொல்லமாட்டார்கள். முடியட்டும், அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிப்போடுவார்கள். நல்ல சேதியை யாரும் தள்ளிப்போடுவதில்லை. அண்ணனும் அதே ஊர்ச் சோற்றைத் தின்று வளர்ந்தவன்தானே. நான் சொல்லாததை அவன் நன்றாகவே கேட்டிருக்கிறான்.

வாலாஜாபாத் பக்கம் காலியாகப் போகிற லாரி ஒன்று கிடைத்ததும் மாஸ்டர் சாமானை ஏற்றச் சொல்லிவிட்டாராம். நாளைக் காலை என்பது அவ்வளவு சுலபமாக இன்றைக்கு ஆகிவிட்டது.

"இன்னாடா சொன்னாரு உங்க நைனா?" என்றது அம்மா.

சொன்னேன்.

அம்மா அழவில்லை, என்னை அடிக்கவும் இல்லை. என் முகத்தையே பார்த்தது. "அத ஏன்டா வாய்ல வச்சிக்கினே இருந்த?" என்றது. நான் சைக்கிளைத் திருப்பினேன். வாலாஜாபாத் வரைக்கும் மிதித்தேன். லாரி அங்கே நிற்கவே இல்லை என்றார்கள்.

அதற்கப்புறம் எத்தனையோ வருஷம், எங்கே சைக்கிள் சுற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டாலும் லீவு போட்டுவிட்டுப் போயிருக்கிறேன். கயிற்றோரம் நின்று, சுற்றுகிறவன் முகம் திரும்பும்வரை காத்திருப்பேன். யாரோ ஒருவன் திரும்புவான். ஒரு தடவை ஆற்காட்டில் வேலு மாஸ்டரையே பார்த்தேன். அண்ணன் அவரை விட்டுப் பிரிந்து சித்தூர் பக்கம் வேறு கோஷ்டிக்குப் போய்விட்டான் என்றார். "அந்தச் சக்கரத்தையும் எடுத்துக்கினு போய்ட்டான். என்கூட இருந்தவரைக்கும் ஒரு தபா நழுவலப்பா" என்றார். மற்ற நேரமாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

அம்மா என்னோடு சரியாகப் பேச ஒரு வருஷம் ஆனது. கடைசி வரைக்கும் என் வீட்டில்தான் இருந்தது. தினமும் உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போடும். யாருக்கு என்று நாங்கள் யாரும் கேட்கமாட்டோம்.

அண்ணா, இந்தப் பத்திரிகை சித்தூர் பக்கத்துக் கடைகளிலும் தொங்குகிறதாம். உன் கண்ணுக்கு இப்போது எழுத்து தெரிகிறதோ இல்லையோ, யாரையாவது படிக்கச் சொல்லிக் கேள். நைனா உன்ன ஒண்ணும் திட்டல. "பெரியவன இட்டுக்கினு வா"ன்னுதான் சொன்னாரு. ரெண்டு தபா சொன்னாரு. நான்தான் உங்கிட்ட சொல்லல.